"கடைசியா எத்தினை மணிக்கு நல்லா இருந்தவர்?" பாரிசவாத அவசர சிகிச்சையில் முப்பது வருட மாற்றங்கள்

பாரிசவாதம் வந்த ஒருவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுவரும்போது, கூட வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது நோயாளியின் பெயரையோ வயதையோ அல்ல. "கடைசியா எத்தினை மணிக்கு நல்லா இருந்தவர்?" என்றுதான் கேட்பேன். பதற்றத்தோடு வந்தவர்களுக்கு இது எரிச்சலூட்டும். ஆளைப் பார்க்காமல் மணியைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று முகத்தைச் சுளிப்பார்கள்.

வடக்கில் நான் பணியாற்றிய ஒரு வைத்தியசாலையில் நடந்ததைச் சொல்கிறேன். ஆட்களை அடையாளம் காணாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். காலை 9.05 மணிக்கு அறுபது வயது கடந்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கையும் காலும் அசையவில்லை, பேச்சும் இல்லை. வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"நான் விடியப் பூசைக்குப் போட்டு ஏழரைக்கு வரேக்கை இப்பிடித்தான் கிடந்தார் டொக்டர். நித்திரையிலையே வந்திருக்கு" என்றார் மனைவி.

இரவு எத்தனை மணிக்குப் படுத்தார் என்று கேட்டேன். பத்து மணி என்றார். அப்படியென்றால் எங்கள் கணக்கில் அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரம் இரவு 10 மணி. பதினொரு மணித்தியாலங்கள் கடந்துவிட்டன. குருதிக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடுவதற்கான காலம் விடிவதற்கு முன்பே முடிந்துவிட்டது. அப்போது பின்னால் நின்ற மகள் சொன்னார்: "அம்மா, அப்பா விடிய அண்ணாவோட வைபரில கதைச்சவரெல்லே?"

அந்த ஒரு வசனம் ஏன் அவ்வளவு பெறுமதியானது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பாரிசவாதம் இரண்டு வகைப்படும். மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடி ஒன்றில் கட்டி அடைப்பது ஒன்று. நாடி வெடித்து மூளைக்குள் குருதி கசிவது மற்றையது. பெரும்பான்மையானவை அடைப்பால் வருபவை. வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரித்தறிய எந்த அனுபவசாலி வைத்தியராலும் நிச்சயமாக முடியாது. கோணிய வாயும் விழுந்த கையும் குழறிய பேச்சும் இரண்டுக்கும் பொதுவானவை. சிகிச்சையோ ஒன்றுக்கொன்று எதிரானது. அடைப்புக்குக் கட்டியைக் கரைக்க வேண்டும். கசிவுள்ளவருக்கு அதே மருந்தைக் கொடுத்தால் உயிர் போகலாம். அதனால்தான் சி.ரி. ஸ்கான் எடுக்காமல் எந்த வைத்தியரும் ஊசியைத் தொடமாட்டார்.

அடைப்பு வந்ததும் அந்தப் பகுதி மூளை முழுவதும் உடனே இறந்துவிடுவதில்லை. நடுவிலுள்ள சிறு பகுதி சில நிமிடங்களில் இறந்துவிடும். அதைச் சுற்றி ஒரு பகுதி, பக்கத்து நாடிகளிலிருந்து வரும் கொஞ்சக் குருதியில், வேலை செய்யாமல் ஆனால் சாகாமல் கிடக்கும். கிரகணத்தின்போது முழு இருட்டுக்கு வெளியே மங்கலாக ஒரு நிழல் விழுமே, அந்தப் பெயரைத்தான் விஞ்ஞானிகள் இதற்கு வைத்தார்கள். நோயாளியின் கை அசையாமல் இருப்பதற்குக் காரணம் இறந்த பகுதி மட்டுமல்ல, இந்த மங்கல் பகுதியும்தான். குருதி திரும்பினால் அது விழித்துக்கொள்ளும். திரும்பாவிட்டால் நடுவிலிருந்து வெளிப்புறமாக இறந்துகொண்டே போகும். பெரிய நாடி ஒன்று அடைபட்டால் சராசரியாக ஒரு நிமிடத்துக்கு 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழிகின்றன என்று அமெரிக்க நரம்பியல் நிபுணர் ஜெஃப்ரி சேவர் 2006இல் கணக்கிட்டார். கடந்த முப்பது வருடங்களில் வந்த சிகிச்சைகள் அனேகமாக எல்லாமே இந்த மங்கல் பகுதியைக் காப்பாற்றும் முயற்சிகள்தான்.

1990களின் நடுப்பகுதி வரை பாரிசவாதத்துக்கு அவசர சிகிச்சை என்று சொல்லத்தக்கது எதுவும் இருக்கவில்லை. படுக்க வைப்பார்கள், சேலைன் ஏற்றுவார்கள், பிறகு உடற்பயிற்சி. மாரடைப்புக்குக் கொடுக்கும் ஸ்ரெப்ரோகைனேஸ் என்ற கட்டி கரைக்கும் மருந்தை மூளைக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். மூளைக்குள் குருதிக் கசிவும் மரணங்களும் கூடியதால் அந்த ஆய்வுகளை இடையில் நிறுத்த வேண்டி வந்தது. "நெஞ்சுக்குப் போடுற ஊசியை இவருக்கும் போடுங்கோவன்" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

திருப்பம் 1995 டிசம்பரில் வந்தது. அல்ரெப்லேஸ் என்ற மருந்தை 624 நோயாளரில் பரிசோதித்த அமெரிக்க ஆய்வு வெளியானது. மூன்று மணித்தியாலத்துக்குள் ஊசி பெற்றவர்கள், மூன்று மாதங்களின் பின் ஊனமின்றியோ மிகச் சிறிய ஊனத்தோடோ இருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைந்தது 30 வீதம் கூடுதலாக இருந்தது. அதற்கு விலையும் இருந்தது. நோயை மோசமாக்கும் மூளைக் கசிவு ஊசி பெற்றவர்களில் 6.4 வீதத்தினருக்கு ஏற்பட்டது, பெறாதவர்களில் 0.6 வீதத்தினருக்கு மட்டுமே. இந்த இரண்டு எண்களையும் உறவினருக்குச் சொல்லித்தான் சம்மதம் கேட்கிறோம். கையெழுத்து வைக்கும் விரல்கள் நடுங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனாலும் கசிவைக் கணக்கில் எடுத்த பின்பும் இலாபம் ஊசியின் பக்கம்தான் நின்றது. 1996இல் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. 2008இல் ஐரோப்பிய ஆய்வொன்று மூன்று மணித்தியால எல்லையை நாலரையாக நீட்டியது.

நாலரை மணித்தியாலம் என்பதைப் பலர் தவணைத் திகதி போல விளங்கிக்கொள்கிறார்கள். அது கடைசி எல்லை. முதல் ஒன்றரை மணித்தியாலத்தில் போடும் ஊசியும் நாலாவது மணித்தியாலத்தில் போடும் ஊசியும் ஒரே மருந்து என்றாலும் ஒரே பயனைத் தருவதில்லை. நேரம் போகப் போக பயன் தேய்ந்துகொண்டே வரும்.

இதை மிக நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் பின்லாந்தின் ஹெல்சிங்கி வைத்தியர்கள் என்று நினைக்கிறேன். அங்கே 1998இல் நோயாளி வாசலுக்கு வந்ததிலிருந்து ஊசி போடும் வரை நடுத்தரமாக 105 நிமிடங்கள் எடுத்தன. 2011இல் அது 20 நிமிடங்கள். புதிய மருந்தோ புதிய கட்டடமோ இதற்குக் காரணம் இல்லை. அம்புலன்சில் வரும்போதே வைத்தியசாலைக்குத் தகவல் சொன்னார்கள். நோயாளியின் பழைய வருத்தங்களையும் மருந்துகளையும் அவர் வந்து சேருமுன்பே தேடி எடுத்தார்கள். கட்டிலுக்கு மாற்றாமல், வந்த தள்ளுவண்டியோடு நேரே ஸ்கான் அறைக்குக் கொண்டுபோனார்கள். மருந்தை அங்கேயே கொண்டுவந்து ஸ்கான் மேசையிலேயே ஏற்றினார்கள். அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் வைத்தியசாலை ஒன்று இதைப் பார்த்துச் செய்து, நாலே மாதங்களில் வேலை நேரத்தில் வரும் நோயாளருக்கான தாமதத்தை 25 நிமிடங்களுக்குக் குறைத்தது. பணமில்லை என்று நாங்கள் சொல்லும் எல்லாவற்றுக்கும் பணம்தான் தேவையா என்று இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

ஊசிக்கு ஒரு பலவீனம் உண்டு. மூளையின் பெரிய நாடியை அடைத்த பெரிய கட்டியை அது பெரும்பாலும் கரைப்பதில்லை. மிக மோசமான ஊனத்தையும் மரணத்தையும் தருபவை அந்தக் கட்டிகள்தான். தொடையின் மேல்பக்க நாடிக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, கழுத்து வழியாக மூளை வரை கொண்டுபோய், கம்பிவலை ஒன்றால் கட்டியைப் பிடித்து இழுப்பது அல்லது உறிஞ்சி எடுப்பது என்ற யோசனை இங்கிருந்து பிறந்தது. தலையோட்டைத் திறக்க வேண்டியதில்லை.

இந்த முறை வந்த கதை நேர்கோட்டில் போகவில்லை. 2013இல் மூன்று ஆய்வுகள் அடுத்தடுத்து வெளியாகி, கட்டியை இழுத்து எடுப்பதால் மேலதிகப் பயன் இல்லை என்றன. பலர் கைகழுவிவிட்டார்கள். ஆனால் அந்த ஆய்வுகளில் பழைய கருவிகளே கூடுதலாகப் பாவிக்கப்பட்டன. பெரிய நாடியில் உண்மையில் அடைப்பு இருக்கிறதா என்று படம் எடுத்து உறுதிசெய்யாமலே பலரைச் சேர்த்திருந்தார்கள். புதிய கம்பிவலையோடும் சரியான தெரிவோடும் நெதர்லாந்தில் 500 நோயாளரில் செய்த ஆய்வு நிலைமையைத் தலைகீழாக மாற்றியது. தன் காரியத்தைத் தானே பார்க்கக்கூடிய நிலைக்குத் திரும்பியவர்கள் சாதாரண சிகிச்சையில் 19.1 வீதம், கட்டியை எடுத்தவர்களில் 32.6 வீதம். 2015இல் வெளியான மேலும் நான்கு ஆய்வுகளும் அதையே சொல்லின. ஐந்தையும் சேர்த்துப் பார்த்தபோது, ஐந்து பேருக்கு இதைச் செய்தால் ஏறக்குறைய இருவருக்கு ஊனம் ஒரு படியாவது குறைகிறது என்று தெரிந்தது. வைத்தியத்தில் இவ்வளவு பலமான சிகிச்சைகள் அதிகம் இல்லை.

பிறகு கடிகாரமே மாறியது. ஒருவரின் பக்கத்து நாடிகள் நன்றாக இருந்தால் அந்த மங்கல் பகுதி பல மணித்தியாலங்கள் தாக்குப்பிடிக்கும். இன்னொருவருக்கு இரண்டு மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்துவிடும். அப்படியானால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதைவிட மூளையைப் படம்பிடித்துப் பார்ப்பது நல்லதல்லவா? 2018ஆம் ஆண்டளவில் வெளியான இரண்டு ஆய்வுகள் இதைச் செய்தன. ஒன்றில், ஆறு முதல் 24 மணித்தியாலம் வரை கடந்து வந்தவர்களில், காப்பாற்றக்கூடிய பகுதி இன்னும் இருக்கிறது என்று படத்தில் தெரிந்தவர்களை மட்டும் தெரிந்தெடுத்தார்கள். கட்டியை எடுத்தவர்களில் 49 வீதத்தினர் சுயமாக வாழும் நிலையை அடைந்தார்கள். எடுக்காதவர்களில் 13 வீதத்தினரே. பயன் இவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். நித்திரையில் பாரிசவாதம் வந்தவர்களில் சிலருக்கு, எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்து அது அண்மையில்தான் வந்தது என்று ஊகித்து ஊசி போடலாம் என்பதும் அதே வருடம் நிறுவப்பட்டது.

"24 மணித்தியாலம் டைம் இருக்காம்" என்று வட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. அது தவறு. பெரிய நாடி அடைபட்ட, பக்கத்து நாடிகள் கைகொடுத்த, அதைக் காட்டும் படம் எடுக்க வசதியுள்ள இடத்துக்கு வந்து சேர்ந்த ஒரு சிலருக்கே அந்த நேரம். நீங்கள் அந்தச் சிலரில் ஒருவரா என்பது வீட்டில் இருக்கும்போது தெரியாது.

மிக அண்மைய மாற்றம் மருந்தில் வந்திருக்கிறது. அல்ரெப்லேசைக் கொடுக்கும்போது பத்தில் ஒரு பங்கை முதலில் ஊசியாகவும், மீதியை ஒரு மணித்தியாலம் பம்பி மூலமாகவும் ஏற்ற வேண்டும். ரெனெக்ரெப்லேஸ் என்ற உறவுக்கார மருந்தை ஒரே தடவையில் சில வினாடிகளில் ஊசியாகக் கொடுத்துவிடலாம். 2022இல் கனடாவில் செய்த பெரிய ஆய்வு அது அல்ரெப்லேசுக்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. 2025 மார்ச்சில் அமெரிக்கா பாரிசவாதத்துக்கு அதை அனுமதித்தது. படிப்பதற்குச் சிறிய மாற்றம்போலத் தெரியும். ஆனால் ஒரு நோயாளியை இன்னொரு வைத்தியசாலைக்கு அனுப்பும்போது ஓடும் அம்புலன்சில் பம்பியையும் தாதியையும் ஒரு மணித்தியாலம் கட்டிவைக்க வேண்டியிருந்த எங்களைப் போன்றவர்களுக்கு அது சிறியதல்ல.

கசிவால் வரும் பாரிசவாதம் இந்தக் கதையில் நீண்ட காலம் ஒதுக்கப்பட்டே கிடந்தது. "இதுக்கு ஒண்டும் செய்யேலாது" என்று வைத்தியர்களே சொல்லிப் பழகிவிட்டோம். 2023இல் வெளியான ஒரு சர்வதேச ஆய்வு அந்த மனநிலையை அசைத்தது. பத்து நாடுகளில் 7036 நோயாளர்கள். அவற்றில் இலங்கையும் ஒன்று. விலைகூடிய எதையும் அங்கே செய்யவில்லை. குருதியமுக்கத்தை ஒரு மணித்தியாலத்துக்குள் 140க்குக் கீழே இறக்குவது, சீனியைக் கட்டுப்படுத்துவது, காய்ச்சலைத் தணிப்பது, குருதி உறையாமல் இருக்க வார்ஃபரின் குடிப்பவராக இருந்தால் அதை முறிக்கும் மருந்தை உடனே கொடுப்பது. இந்த நான்கையும் ஒன்றாக, விரைவாகச் செய்தபோது மோசமான முடிவுக்கான வாய்ப்பு 14 வீதம் குறைந்தது. எங்கள் நாட்டின் எந்த ஆதார வைத்தியசாலையிலும் செய்யக்கூடிய காரியங்கள் இவை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கசிவு என்றால் குருதியமுக்கத்தை விரைவாக இறக்குகிறோம். அடைப்பு என்றால் அப்படிச் செய்வதில்லை. ஊசி போடுவதற்கு முன் 185க்கு 110 என்ற அளவுக்குக் கீழே கொண்டுவருவோம். ஊசி போடாதவர்களில் 220 வரைகூட விட்டுவிடுவோம். உயர்ந்த அமுக்கம்தான் அந்த மங்கல் பகுதிக்குக் கொஞ்சக் குருதியையாவது தள்ளிக்கொண்டிருக்கிறது. வீட்டிலேயே "பிரஷர் ஏறிப்போட்டுது" என்று நாக்குக்குக் கீழே குளிசை வைப்பவர்கள், நல்லது செய்வதாக நினைத்து அந்தத் துளிக் குருதியையும் நிறுத்திவிடுகிறார்கள். அஸ்பிரினும் அப்படித்தான். கசிவாக இருந்தால் ஆபத்து. விழுங்க முடியாதவர் என்றால் தண்ணீரும் குளிசையும் நேரே சுவாசப்பைக்குள் போகும். தேத்தண்ணி பருக்குவதும் வேண்டாம். விரல் நுனியில் ஊசியால் குத்திக் குருதி எடுப்பது, புறா இரத்தம் பூசுவது, எண்ணெய் போட்டு உருவுவது எல்லாம் தரும் ஒரே விளைவு நேரம் போவது.

நேரம் எங்களுக்கு ஏற்கெனவே குறைவு. நெடுந்தீவில் ஒருவருக்கு இரவில் வாய் கோணினால் முதலில் கடலைக் கடக்க வேண்டும். குழாய் வழியாகக் கட்டியை எடுக்கும் வசதி இலங்கையில் மிகச் சில இடங்களிலேயே உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். எந்த ஆய்வின் எண்ணும் இந்தத் தூரத்தைக் குறைக்காது. ஆனால் ஊசி அப்படியல்ல. ஸ்கானும் மருந்தும் அதைப் போடத் தெரிந்த குழுவும் உள்ள வைத்தியசாலை போதும்.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 ஜூலையில் வடக்குக்கு வந்தது. அழைப்புக்கும் பயணத்துக்கும் கட்டணம் இல்லை. ஆனாலும் இன்னும் பலர் மாமா வான் கொண்டுவரும் வரை காத்திருக்கிறார்கள். வேறு சிலர் ஓட்டோவில் ஏற்றி முதலில் சந்தியிலுள்ள டிஸ்பென்சரிக்குப் போகிறார்கள். முகம் கோணுதல், ஒரு கை அல்லது கால் சோர்தல், பேச்சுக் குழறுதல், திடீரெனப் பார்வை அல்லது சமநிலை தவறுதல், இவற்றில் ஒன்று வந்தாலே 1990ஐ அழைத்து, பாரிசவாதம் என்று சந்தேகிக்கிறோம் என்ற வார்த்தையையே சொல்லுங்கள். உங்கள் மாவட்டத்தில் எந்த வைத்தியசாலையில் ஸ்கான் இரவிலும் இயங்குகிறது என்பதை நோய் வருமுன்பே விசாரித்து வையுங்கள். வார்ஃபரின் போன்ற மருந்து குடிப்பவரென்றால் கிளினிக் கொப்பி கையோடு வர வேண்டும். ஐந்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டாலும் வாருங்கள். வந்து மறையும் அந்தச் சின்னப் பாரிசவாதத்துக்குப் பின்னால் பெரியது வருமென்றால், அதற்கான ஆபத்து அடுத்த இரண்டு நாட்களில்தான் மிக அதிகம். அந்த நாட்களில் தொடங்கும் மருந்துகளால் அதைக் கணிசமாகத் தடுக்கலாம்.

வைபருக்கு வருகிறேன். அப்பாவின் தொலைபேசியை மகள் திறந்து காட்டினார். ரொறன்ரோவிலுள்ள மகனோடு பேசிய அழைப்பு காலை 6.40க்கு முடிந்திருந்தது. மகனை அழைத்தோம். அங்கே நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா எப்படிப் பேசினார், வார்த்தை தடுமாறியதா என்று கேட்டேன். "இல்லை டொக்டர், காணி உறுதி சம்பந்தமா என்னை நல்லாப் பேசினவர்" என்றார். அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரம் இரவு 10 மணியிலிருந்து காலை 6.40 ஆக மாறியது. எங்களுக்கு 11.10 வரை நேரம் கிடைத்தது. ஸ்கானில் கசிவு இல்லை. மனைவி கையெழுத்து வைத்தார். 9.55க்கு ஊசி ஏறத் தொடங்கியது.

ஏழரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் என்ன செய்தார்கள் என்று பிறகு கேட்டேன். அரை மணித்தியாலம் எண்ணெய் போட்டு உருவினார்களாம். மீதி நேரம் வாகனத்துக்குக் காத்திருந்தார்களாம். அந்த நேரம் இருந்திருந்தால் வலது கையும் முழுமையாகத் திரும்பியிருக்குமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. மூன்று மாதத்தின் பின் கிளினிக்குக்கு நடந்து வந்தார். பேச்சு வந்திருந்தது. விரல்களில் கொஞ்சம் பலவீனம் மிச்சம். சேட்டின் மேல் பொத்தானை மட்டும் மனைவி பூட்டிவிடுகிறார், மற்றவற்றைத் தானே பூட்டுகிறாராம். காணி உறுதி இன்னும் முடியவில்லை என்றார்.